கேளுங்க, சொல்றோம்: மருந்து வைத்த அலமாரியில் குழந்தைத் துணி வைக்கலாமா?

கேள்வி: ‘‘மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். குழந்தைத் துணி வைக்க மலிவு விலையில் பலகை அலமாரி ஒன்று வாங்கினோம். கதவைத் திறந்தாலே கண் எரிகிறது. பாச்சா உருண்டை போட்டும் வாடை போகவில்லை. பழைய மர அலமாரி ஒன்று கிடக்கிறது. பல வருடம் வயலுக்கு அடிக்கும் மருந்தை அதில்தான் வைத்திருந்தோம். ஆப்ப சோடா போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து அதைப் பயன்படுத்தலாமா?’’

- வாசகி ஒருவர், மன்னார்குடி வட்டம்.

பதில்: பழைய அலமாரி வேண்டவே வேண்டாம். எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம்.

மருந்து டப்பாவின் மூடி எப்போதும் சரியாக மூடியிருக்காது. அளந்து ஊற்றிய கையோடு உள்ளே வைத்திருப்போம். சொட்டியது, ஒழுகியது எல்லாம் பலகைக்குள் இறங்கியிருக்கும். லேபிளில் ‘இ.சி.’ என்று போட்டு வரும் மருந்துகள் எண்ணெய் போன்ற கரைப்பானில் கரைத்தவை. மரம் அவற்றைப் பஞ்சு மாதிரி குடித்துவிடும். சோடாத் தண்ணீர் மேலே உள்ளதைத்தான் துடைக்கும். வெயிலில் வைத்தால் வாடை குறையும் என்பது உண்மைதான். ஆனால், நம் மூக்குக்குத் தெரிவதில் பெரும்பங்கு அந்தக் கரைப்பானின் வாடை. அது ஆவியாகிப் போன பிறகும் மருந்து மரத்திலேயே தங்கியிருக்கலாம். வாடை போய்விட்டது என்று நம்பித் துணியை அடுக்கினால், அதே துணியைப் பச்சைக் குழந்தைக்கு இரவும் பகலும் சுற்றி வைப்போம். பூச்சிமருந்துகளில் பல, தோல் வழியாகவே உடம்புக்குள் போகக்கூடியவை.

அதை உடைத்து வெந்நீர் அடுப்பில் எரிப்பதும் கூடாது. புகையும் விஷம். என் யோசனை, அது மருந்து அலமாரியாகவே இருக்கட்டும். வீட்டுக்கு வெளியே, மோட்டார் கொட்டகை போன்ற இடத்தில் வைத்து, கொண்டி போட்டுப் பூட்டுங்கள். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். தவழும் குழந்தை வரப்போகும் வீட்டில் மருந்து டப்பா படுக்கை ஓரத்திலும் பரணிலும் இருக்கக் கூடாது. ஏதோ ஒரு கோபத்தில் யாராவது கை நீட்டினால் எட்டுகிற இடத்திலும் இருக்கக் கூடாது.

அடுத்து, பாச்சா உருண்டை. அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது வாடையைப் போக்குவதில்லை. தன் வாடையால் மூடுகிறது, அவ்வளவுதான். ‘ஜி6பிடி’ என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. பார்த்தால் தெரியாது. அந்த உருண்டையோடு இருந்த துணியைப் போட்டால், அப்படிப்பட்ட குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை கடுமையாகலாம். ஏற்கெனவே அதனோடு இருந்த துணிகளைத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்தி, வாடை அறவே போன பிறகு பயன்படுத்துங்கள்.

இனி புது அலமாரிக்கு வருவோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது மரத்தூளையும் சில்லுகளையும் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை, அதாவது பார்ட்டிகிள் போர்டாக இருக்க வேண்டும். அந்தப் பசையில் பெரும்பாலும் யூரியா-ஃபார்மால்டிஹைடு இருக்கும். யூரியா நமக்குப் பழகியதுதான். கண்ணை எரிப்பது ஃபார்மால்டிஹைடு. அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 2004-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியது. ‘புதுப் பொருள், அப்படித்தான் வாசம் வரும்’ என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள்.

வெக்கையும் ஈரமும் இருந்தால் இந்த ஆவி அதிகமாக வரும். அதனால் மூடிய அறையில் வைக்காமல், தாழ்வாரத்தில் காற்றோட்டமான நிழலில் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்து சில வாரங்கள் வையுங்கள். நேர் வெயிலில் வைத்தால் பலகை கோணிக்கொள்ளும், மேல் ஒட்டு பிரியும். பிறகு, டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பக்கம் பளபளவென்று இருந்தாலும் முதுகுப் பலகை, தட்டுகளின் அடிப்பக்கம், வெட்டு முனைகள், திருகாணித் துளைகள் எல்லாம் மூடாமல் விட்டிருப்பார்கள். ஆவி அதிகம் கசிவது அங்கேதான். அந்த இடங்களுக்கு இரண்டு கோட்டு வார்னிஷ் அடித்தால் கசிவு நன்றாகக் குறையும். இதை வெளியில் வைத்துச் செய்யுங்கள். மகள் பக்கத்தில் வர வேண்டாம். வார்னிஷ் வாடை போகவும் சில நாள் விட வேண்டும். கரித்துண்டு, காப்பித்தூள், வெட்டிவேர் எல்லாம் மூக்கை ஆறுதல்படுத்தும். பசையின் ஆவியை அவை நிறுத்தாது.

ஒரு நாள் முழுக்க மூடி வைத்துத் திறந்து பாருங்கள். கண்ணும் மூக்கும் எரிந்தால் இன்னும் ஆகவில்லை. பிரசவம் நெருங்கிவிட்டால் அவசரப்பட வேண்டாம். துரு இல்லாத டிரங்குப் பெட்டியோ மூங்கில் கூடையோ போதும். குழந்தைத் துணிக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

அடுத்த முறை வாங்கும்போது ‘இ1’ அல்லது ‘இ0’ தரப் பலகையா என்று கேளுங்கள். இழுப்பறையை இழுத்து உள்ளே முகர்ந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மழைக்காலத்தில் மரச்சாமான்களில் பூசண வாடை வருவது வேறு விஷயம். சரியாக உலர்த்தாத மாமரம், ரப்பர் மரத்தில் செய்தவற்றில் இது சகஜம். உலர்ந்த பிரஷ்ஷால் வெளியில் வைத்துத் தேய்த்து, வினிகர் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்து நிறுத்தினால் பூசணம் மறுபடி ஏறுவது குறையும்.