வீட்டுக்காரர் வாங்கும் வீட்டுப்படி

"மாப்பிள்ளை துபாய்ல பைலட். கம்பெனியே வீடு குடுத்திருக்கு. நாலு பெட்ரூம், பின்னாடி தோட்டம். பொண்ணு போய் இறங்கினா போதும்."

என் மாணவி ஒருத்திக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு வந்த வரனைப் பற்றித் தரகர் சொன்னது இது. அப்போது அவள் தமிழில் முதுகலை முடித்து, பி.எட். முடித்து, ஒரு பள்ளியில் இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தாள். பத்திரிகை வைக்க வந்தபோது அந்த நாலு பெட்ரூமைக் கேட்டு நானும் வியந்தேன். அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கவில்லை. வகுப்பில் பெண்ணியம் பேசுகிற நானே கேட்கவில்லை.

சென்ற ஆண்டு ஓர் இரவில் அழைத்தாள். கணவன் பிரிந்து வாழ விரும்புகிறானாம். "என்னை வெளிய போன்னு அவர் சொல்லலம்மா. குடும்ப வீட்டைத் திருப்பிக் குடுத்துட்டு, தனி ஆளுக்கான வீட்டுக்கு மாறிக்கிறேன்னு கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டார். அவ்வளவுதான். அடுத்த மாசம் சாவியை ஒப்படைக்கணும்."

அடிக்கவில்லை, கதவைச் சாத்தவில்லை. ஒரே ஒரு விண்ணப்பம். எட்டு வருடம் அவள் துடைத்துப் பெருக்கி, பிள்ளை பெற்று வளர்த்த வீடு கையை விட்டுப் போயிற்று.

அதன் பிறகுதான் இந்த வீட்டுப்படி எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

வளைகுடா விமான நிறுவனங்கள் வெளிநாட்டு விமானிகளை நம்பி வளர்ந்தவை. அழைத்து வருகிறவர்களைக் குடியமர்த்த வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நிறுவனமே வீடு தரும். மற்றது, வீட்டுக்குப் பதிலாகப் பணம் தரும். வீட்டை அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். பல நிறுவனங்களில் இந்த வீட்டின் அளவையும் பணத்தின் அளவையும் முடிவு செய்பவை இரண்டு: விமானியின் பதவி, அவர் குடும்பஸ்தரா தனியாளா என்பது. மனைவி வந்தால் அறை கூடும். பிள்ளை பிறந்தால் இன்னும் கூடும். என் மாணவி அந்த வீட்டுக்குள் வந்தது ஒரு கணக்காகத்தான். அவளைக் காட்டித்தான் அவனுக்குப் பெரிய வீடு. ஆனால் அவளிடம் எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்கவில்லை. படிவத்தில் அவள் பெயருக்கு நேரே இருந்த சொல், 'சார்ந்திருப்பவர்'.

பணமாக வாங்கினாலும் நிலைமை பெரிதாக மாறாது. துபாயில் வாடகையை மாதாமாதம் கொடுக்கும் வழக்கம் குறைவு. ஆண்டு வாடகையை ஒன்று, இரண்டு, நான்கு என்று பின்தேதியிட்ட காசோலைகளாக முன்கூட்டியே கொடுக்க வேண்டும். முன்பணம் வேறு, தரகு வேறு, மின்சார இணைப்புக்கு வைப்புத்தொகை வேறு. ஒப்பந்தத்தை 'இஜாரி' என்ற அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும். காசோலை அவனுடையது, வேலை அவனுடையது, படியும் அவனுடையது. அப்படியிருக்க, ஒப்பந்தமும் அவன் பெயரில்தான் எழுதப்படுகிறது. ஆண்டுத் தொகையை முன்னதாகக் கொடுக்கிற நிறுவனம், அவன் நடுவில் வேலையை விட்டால் மீதி மாதங்களின் பணத்தைத் திருப்பிப் பிடித்துக்கொள்ளும். வேலை போனால் வீடும் போகும். 2020இல் விமானங்கள் தரையில் நின்றபோது வேலையிழந்த விமானிகளின் குடும்பங்கள் பெட்டி கட்டியது இப்படித்தான்.

படி என்பது பழைய சொல். நெல்லை அளக்கும் அளவை. நாளும் கூலி அளந்து போடுகிறவரைப் 'படியளக்கிறவர்' என்போம். அந்தச் சொல்லில் நன்றியும் உண்டு, பயமும் உண்டு. வீட்டுப்படியில் நிறுவனம் கணவனுக்குப் படியளக்கிறது, கணவன் மனைவிக்குப் படியளக்கிறான். நம் மொழியில் கணவனுக்கும் வீட்டுக்காரர், வாடகை வாங்குகிறவருக்கும் வீட்டுக்காரர். இரண்டும் ஒரே ஆளாகிவிட்டால் குடியிருப்பவளுக்குச் சண்டை போடக்கூட இடமில்லை.

விமானிகள் பாவம், அவர்களும் தொழிலாளர்கள்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். சம்பளத்தை அடிப்படைச் சம்பளம், வீட்டுப்படி, போக்குவரத்துப்படி என்று கூறு போடுவதில் நிறுவனத்துக்கு லாபம் உண்டு. அமீரகத் தொழிலாளர் சட்டப்படி பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும்: முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம், அதற்குப் பிறகு 30 நாள். படி எவ்வளவு பெரிதானாலும் இந்தக் கணக்கில் சேராது. ஆக, நிறுவனம் அவனையும் ஏய்க்கிறது.

ஆனால் அவன் இழப்பதும் அவள் இழப்பதும் ஒன்றல்ல. விமானியின் மதிப்பு அவன் பறந்த மணிநேரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மணிநேரமும் அவன் பதிவுப் புத்தகத்தில் ஏறும். அந்தப் புத்தகத்தோடு எந்த நாட்டிலும் போய் வேலை கேட்கலாம். அவன் ஐந்து நாள் வெளியூரில் இருந்தபோது காய்ச்சலில் கிடந்த பிள்ளையோடு விழித்திருந்தவளின் மணிநேரம் எந்தப் புத்தகத்தில் ஏறியது? குடும்ப வீடு தருவது நிறுவனத்தின் தாராள மனம் அல்ல. வீட்டை ஒருத்தி சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டால்தான் அவன் தூங்கி எழுந்து அடுத்த விமானத்துக்குத் தயாராக முடியும். அந்த உழைப்புக்கான விலையும் அந்தப் படிக்குள் இருக்கிறது. அது அவன் கணக்கில் போய்ச் சேர்கிறது.

வீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது விசா. மனைவியின் குடியிருப்பு அனுமதி கணவனின் பொறுப்பில் எடுக்கப்படுவது. அவனே அதை ரத்தும் செய்யலாம். 2018இல் அமீரக அரசு ஒரு சலுகை தந்தது: விதவைகளும் மணவிலக்கு பெற்றவர்களும் பொறுப்பாளர் இல்லாமல் ஓராண்டு தங்கலாம். நல்லது. ஆனால் என் மாணவி விதவையும் இல்லை, மணவிலக்கு பெற்றவளும் இல்லை. நம் ஊர்க் குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு வாய்தா வாய்தாவாக நடந்து முடியும் வரைக்கும் அவள் யார்? கைவிடப்பட்டவளுக்கு அந்தச் சலுகையில் இடமில்லை.

இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், வீட்டில் தன் பெயர் இல்லாவிட்டாலும் பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. போராடிப் பெற்ற சட்டம் அது. துபாயில் நிறுவனம் கொடுத்த வீட்டின் வாசல் வரைக்கும் அது போகாது. நிறுவன வீடு சம்பளச் சீட்டில் தொகையாகவும் தெரியாது. ஜீவனாம்சம் கேட்கப் போனால், அதன் மதிப்பு இவ்வளவு என்று நிரூபிக்கும் பாடும் அவளுடையதே.

மனைவியோடு இது முடியவில்லை. அதே விமானத்தில் பறக்கும் பணிப்பெண்ணுக்கு வளைகுடா நிறுவனங்கள் வழக்கமாகத் தருவது, மற்றொருத்தியோடு பகிர்ந்துகொள்ளும் குடியிருப்பில் ஓர் அறை. விமானிக்குக் குடும்பம் உண்டு என்று நம்புகிற நிறுவனம், இவளுக்குக் காவல் வேண்டும் என்று நம்புகிறது. கத்தார் ஏர்வேஸ் பணிப்பெண்களை நிறுவன வளாகத்தில் கொண்டுவந்து விடவோ அழைத்துப் போகவோ தந்தை, சகோதரன், கணவன் தவிர வேறு ஆண் வரக்கூடாது என்ற விதியைப் பாகுபாடு என்று 2015இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சொன்னது. ஓட்டுகிறவருக்கு வீடு, உபசரிப்பவளுக்கு விடுதி.

அந்த நாலு பெட்ரூம் வீட்டின் வரைபடத்தில் ஐந்தாவதாக ஓர் அறை இருந்தது. சமையலறையை ஒட்டி, ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அறை. வீட்டு வேலைக்கு வந்த பெண்ணுக்கானது. அவள் விசாவும் குடும்பத்தின் கையில். வேலை போனால் அவளுக்கும் வீடில்லை. "அவளை அனுப்பினப்ப நான் ஒண்ணும் நினைக்கலம்மா. என் பெட்டியைக் கட்டும்போதுதான் அவ ஞாபகம் வந்தது" என்றாள் என் மாணவி. அந்த வார்த்தையை அவள் சொன்னதற்காக அவள் மேல் எனக்கு மரியாதை கூடியது.

உழைப்பவன் பெயரில் வீடு இருப்பதில் என்ன தவறு என்று ஒரு நண்பர் கேட்டார். வீடு அவன் ஒருவனின் உழைப்புக்கு என்றால், எல்லோருக்கும் ஒரே அளவு படி கொடுங்கள். மனைவியையும் பிள்ளையையும் எண்ணி எதற்குக் கூட்டுகிறீர்கள்? எண்ணிக் கொடுத்தால், எண்ணப்பட்டவர்களுக்கு அதில் உரிமை உண்டு. ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். குடும்ப வீட்டைத் தனியாள் வீடாக மாற்றக் கணவன் எழுதிக் கொடுத்தால், மனைவியின் கையெழுத்தில்லாமல் நிறுவனம் அதை ஏற்கக்கூடாது. பிரிவென்று வந்தால் வழக்கு முடியும் வரை படியின் ஒரு பங்கு நேரே அவள் கணக்குக்குப் போகட்டும். படியைப் பணிக்கொடைக் கணக்கில் சேருங்கள். பணிப்பெண்ணுக்கும் குடும்ப வீடு கேட்கும் உரிமையைக் கொடுங்கள். நான் கேட்பது தர்மம் அல்ல, கணக்கு.

என் மாணவி மகளோடு ஊருக்கு வந்துவிட்டாள். பழைய பள்ளியில் கேட்டதற்கு, ஒன்பது வருட இடைவெளி என்றார்களாம். ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறாள். வாடகைக்கு ஒரு வீடு பார்த்தாள். ஒற்றை அறை, மொட்டை மாடி. ஒப்பந்தத்தில் தன் பெயரை எழுதச் சொல்லி, அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள்.

போன மாதம் இன்னொரு மாணவி பத்திரிகை வைக்க வந்தாள். மாப்பிள்ளை தோகாவில் வேலை, கம்பெனி வீடு உண்டு என்றாள். இந்தத் தடவை கேட்டேன். வீடு யார் பெயரில்? அவர் வேலை போனால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும்? உன் விசா யார் கையில்? அங்கே நீ வேலைக்குப் போக முடியுமா? உன் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா?

அவள் முகம் சுருங்கியது. நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இதென்ன கேள்வி என்று உடன் வந்த அத்தை முணுமுணுத்தார். அவள் மட்டும் பையிலிருந்து பேனாவை எடுத்து, மிச்சமிருந்த ஒரு பத்திரிகையின் பின்பக்கத்தில் ஐந்தையும் எழுதிக்கொண்டு போனாள்.