கலைத்த சீட்டைக் காட்டிக்கொடுத்த கடிகாரம்

1999-ம் ஆண்டு. காசு வைத்து போக்கர் சீட்டாடும் தளங்கள் இன்டர்நெட்டில் தலைகாட்டத் தொடங்கியிருந்த நேரம். அப்படி ஒரு ஆட்டத்துக்கு புரோகிராம் எழுதிய ஏ.எஸ்.எஃப். சாஃப்ட்வேர் நிறுவனம், சீட்டு நேர்மையாகத்தான் கலைக்கப்படுகிறது என்று காட்ட, கலைக்கும் பகுதியை அப்படியே பொதுவில் வெளியிட்டது. நல்ல எண்ணம்தான்.

அமெரிக்காவில் சில பாதுகாப்பு நிபுணர்கள் அதைப் படித்துவிட்டு, தாங்களும் ஒரு சின்ன புரோகிராம் எழுதினார்கள். தன் கையில் இருக்கும் 2 சீட்டு, மேஜையில் திறந்து வைத்த 3 சீட்டு. இந்த ஐந்தையும் சொன்னால் போதும். மற்றவர்கள் கையில் என்ன இருக்கிறது, அடுத்து எந்தச் சீட்டு வரும் என்பதை ஆட்டம் நடக்கும்போதே அது சொல்லிவிட்டது.

மந்திரமில்லை, கணக்குதான். 52 சீட்டை எத்தனை விதமாக அடுக்கலாம்? 8 போட்டு, பின்னால் 67 சைபர் போட வேண்டும். ஆனால், புரோகிராம் மொழிகளோடு வரும் ‘ராண்டம்’ வசதி நிஜமாகத் தாயம் உருட்டுவதில்லை. ஒரு தொடக்க எண்ணை வாங்கிப் பெருக்கி, கூட்டி, வெட்டி அடுத்த எண்ணைத் தருகிறது. அதிலிருந்து அடுத்தது. தொடக்க எண் தெரிந்துவிட்டால் முழு வரிசையும் தெரிந்துவிடும்.

அந்த போக்கர் புரோகிராமில் தொடக்க எண்ணுக்கு 32 பிட் இடம்தான். அதாவது, சீட்டு சுமார் 429 கோடி விதமாகத்தான் கலையும். அந்த எண்ணையும் கம்ப்யூட்டர் கடிகாரத்திலிருந்து எடுத்திருந்தார்கள்: நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி செகண்ட் ஓடியிருக்கிறது என்று. ஒரு நாள் முழுக்க எண்ணினாலும் 8 கோடியே 64 லட்சம்தான். சர்வரின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை நிபுணர்கள் ஒத்துவைத்ததும், அது சுமார் 2 லட்சமாகச் சுருங்கியது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஐந்து சீட்டும் பொருந்துவதைப் பிடிப்பது அன்றைய சாதாரண கம்ப்யூட்டருக்கே சுலபம். (கடைசிச் சீட்டு எவ்வளவு கலைத்தாலும் கடைசியிலேயே நிற்க முடியாது என்ற இன்னொரு கோளாறும் அதில் இருந்தது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்ததன் விளைவு!)

விஷயம் வெளியே வந்ததும் நிறுவனம் கலைக்கும் முறையை மாற்றியது.

இதற்கு ‘ராண்டம்’ மேல் பழி போடுவது நியாயமில்லை. ஒரு சோதனையை அதே எண்களோடு திரும்ப நடத்திப் பார்க்க வேண்டிய விஞ்ஞானிக்கு அந்த வசதி வரப்பிரசாதம். ஒருவர் ஊகித்துவிட்டால் இன்னொருவர் பணம் போகும் இடத்தில் வைப்பதுதான் தப்பு. பைத்தான் மொழியின் ‘ராண்டம்’, மாட்சுமோட்டோ, நிஷிமுரா என்ற இரண்டு ஜப்பானியர்கள் உருவாக்கிய மெர்சென் ட்விஸ்டர் முறையில் இயங்குகிறது. அதன் வரிசை திரும்ப முதலிலிருந்து வருவதற்குள் கடக்க வேண்டிய எண்ணிக்கையை எழுதவே 6,002 இலக்கம் வேண்டும். அப்பேர்ப்பட்டதே, அடுத்தடுத்து 624 எண்களை முழுதாகப் பார்த்தவரிடம் தோற்றுவிடும்; இனி வரப்போவதையெல்லாம் அவர் சொல்லிவிடலாம்.

அதனால்தான் 2016-ல் பைத்தானில் ‘சீக்ரெட்ஸ்’ என்று தனி வசதியே சேர்த்தார்கள். கணிக்க முடியாத எண்ணை அது ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்டு வாங்கித் தருகிறது. புரோகிராமர் மாற்ற வேண்டியது ஓரிரு வரிதான். ஆனாலும், முதல் பாடத்தில் தாயம் உருட்டக் கற்ற அதே ‘ராண்டம்’தான், பாஸ்வேர்டை மாற்ற அனுப்பும் ரகசிய எண்ணை எழுதும்போதும் முதலில் கைக்கு வருகிறது.