யாருக்கு நன்றி?

தரம் 9 மாணவி ஒருத்தி 'எமது நாடு' என்ற கட்டுரையில் எழுதியிருந்தாள்: "வந்தவர்களான எங்களுக்கு இந்த நாடு சோறு போட்டது. நாங்கள் நன்றியோடு அடங்கி இருக்க வேண்டும்." எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. சிவப்புப் பேனாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தக் கொப்பி இரண்டு நாள் மேசையிலேயே கிடந்தது.

பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. ஓர் அலுவலகத்தில் அவளுடைய அப்பாவிடம் சொல்லப்பட்ட வார்த்தை அது. அப்பா வீட்டில் வந்து சொன்னார், பிள்ளை கட்டுரையில் எழுதிவிட்டாள்.

வந்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் எப்போது வந்தவர்கள்? 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தது இருநூறு வருடத்தை நினைவுகூரத்தான். காட்டை வெட்டிக் கோப்பி நட்டோம், பிறகு தேயிலை நட்டோம். ரோட்டும் ரயில் பாதையும் போட்டோம். அந்தத் தேயிலை விற்ற காசில் இந்த நாடு அரிசி வாங்கியது. அப்படியிருக்க 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, நம்மில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானோம். 1964 இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாம். மூட்டை பிரிக்கிறபோதுகூட உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். நம்மை ஒருவரும் கேட்கவில்லை. போனவர்கள் நீலகிரியிலும் கொழுந்துதான் எடுத்தார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் சிலோன்காரர்.

நன்றி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1983 இல் லயத்துக்கு நெருப்பு வைக்க ஆள் வந்தபோது, நம்மவர்களைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்து வைத்த சிங்களக் கிராமத்தவர்கள் இருந்தார்கள். அந்த நன்றி நமக்கு என்றைக்கும் உண்டு. வெசாக் தன்சலில் வரிசையில் நிற்பவனிடம் நீ யார், எப்போது வந்தாய் என்று எவரும் கேட்பதில்லை. இந்த நாட்டு மக்களின் குணம் எது என்று கேட்டால் நாம் அதைத்தான் சொல்வோம். அலுவலக மேசைக்குப் பின்னால் இருந்து பேசிய ஒருவரின் வாயை வைத்து ஒரு சனத்தை அளக்கக்கூடாது.

நம்மிடமும் ஒரு பழக்கம் இருக்கிறது. ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் தன் சேமலாப நிதிப் பணம் கிடைத்ததும் வெற்றிலைத் தட்டும் வாழைப்பழச் சீப்புமாக ஆபீசுக்குப் போனதைப் பார்த்தோம். "ஐயா புண்ணியத்தில் கிடைச்சது" என்றார். அது அவர் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டிய காசும், அதோடு சேர்த்து தோட்டம் கட்டியே ஆகவேண்டிய காசும். ஏழு பேர்ச்சஸ் காணிக்கு உறுதி கேட்கப் போகும்போதும் நாம் இப்படித்தான் கும்பிட்டுக்கொண்டு போகிறோம். கொடுக்கிறவர்களுக்கும் அது வசதியாகப் போய்விட்டது. மேடை போட்டு, மாலை வாங்கிக்கொண்டு, உறுதியை மட்டும் அடுத்த முறைக்குத் தள்ளுகிறார்கள். இனி கேட்கப் போகும் தோழர்கள் விண்ணப்பப் பிரதியையும் திகதி முத்திரையையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். வெற்றிலைத் தட்டு வேண்டாம்.

கொப்பியில் அந்த வரியை நாம் வெட்டவில்லை. 'உன் அப்பாயி எத்தனை வருடம் கொழுந்து எடுத்தார் என்று கேட்டு எழுதி வா' என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தோம். மறுநாள் பதில் வந்தது: 41 வருடம். அரைப் பேர் போட்ட நாட்களை அப்பாயி அதில் சேர்க்கவில்லையாம்.