லேண்ட்லைன்ல சத்தம் வரலையா? திருப்பிக் கொடுக்கறதுக்கு முன்னாடி வயரைப் பாருங்க

எங்க பக்கத்துத் தோட்டங்கள்ல லேண்ட்லைன் போனை ஒவ்வொருத்தரா திருப்பிக் கொடுத்துட்டு வர்றாங்க. ஏனுங்கன்னு கேட்டா, "ரிசீவரை எடுத்தா ஒரு சத்தமும் இல்லீங்க, எதுக்கு மாசாமாசம் வாடகை கட்டோணும்?" என்கிறார்கள். கேள்வி நியாயம்தான். ஆனா டயல் டோன் வரலைன்னதும் லைனே செத்துப்போச்சுன்னு முடிவு கட்டறது, மோட்டார் தண்ணி தூக்கலைன்னதும் கிணறு வத்திப்போச்சுன்னு சொல்ற மாதிரி. ஃபுட் வால்வைப் பார்க்காம நாம அப்படிச் சொல்வோமா?

லேண்ட்லைனுக்கு வேண்டிய கரண்ட் நம்ம வீட்டு மீட்டர்ல இருந்து வர்றதில்லை. எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில இருந்து ரெண்டு செம்புக் கம்பி வழியா 48 வோல்ட் டி.சி. வருது. ரிசீவரை எடுத்ததும் அந்தக் கம்பியில கரண்ட் ஓடும். அதை வச்சுத்தான் எக்ஸ்சேஞ்ச் நமக்கு டோன் கொடுக்குது. டோன் இல்லைன்னா எங்கேயோ கம்பி அறுந்திருக்கணும், ரெண்டும் ஒட்டியிருக்கணும், இல்லைன்னா போன் பெட்டி கெட்டிருக்கணும். பெரும்பாலும் இவ்வளவுதான்.

கண்டுபிடிக்கறதும் சுலபம். உள் ரூம்ல இன்னொரு போன் இருந்தா, அதோட ரிசீவர் சரியா வச்சிருக்கான்னு முதல்ல பாருங்க. அது விலகிக் கிடந்தாலே இங்க டோன் வராது. அடுத்து வீட்டுல இருக்கற எல்லா போனையும், மோடத்தையும், ஸ்பிளிட்டரையும் கழட்டிடுங்க. வெளி வயர் வீட்டுக்குள்ள வர்ற முதல் பெட்டியில, நல்லா வேலை செய்யற ஒரு போனை மட்டும் மாட்டுங்க. டோன் வந்தா கோளாறு வீட்டுக்குள்ள. வரலைன்னா அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்க. எறும்பு கூடு கட்டியிருக்கும், திருகாணியில பச்சையாக் களிம்பு ஏறியிருக்கும். சுரண்டி, முறுக்கி விட்டா பல லைன் உயிர் பெற்றுடும். இடி மின்னல் நேரத்துல மட்டும் கை வைக்காதீங்க. அழைப்பு வரும்போது அதே கம்பியில 75 வோல்ட் அளவுக்கு ஏ.சி. வரும், ஷாக் அடிக்கும்.

ஸ்டார்ட்டர் பார்க்க வாங்கின மல்டிமீட்டர் இருக்குமே, அதை டி.சி.யில வச்சு ரெண்டு கம்பியையும் தொட்டுப் பாருங்க. 50 வோல்ட் பக்கத்துல காட்டினா லைன் உங்க வீடு வரைக்கும் வந்திருக்குன்னு நம்பலாம். ஒண்ணுமே காட்டலைன்னா கோளாறு வெளியில. "வீட்டுக்குள்ள சோதிச்சாச்சு, வெளி லைன்லதான் கோளாறு"ன்னு சொல்லிப் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறிச்சு வைங்க. லைன்மேன் நேரா கம்பத்துக்குப் போவார்.

வெளியில நடக்கற சேதத்துக்கும் எல்லாப் பழியையும் ஆபீஸ் மேலேயே போட முடியாது. சொட்டுநீர்க் குழாய்க்கு பொக்லைன் வச்சுத் தோண்டறது நாம. வயருக்கு அடியில சோகையைக் கொளுத்தறதும் நாமதான். அதே சமயம், அறுந்த கம்பியை முறுக்கி, மேல கேரி பேக்கைச் சுத்திட்டுப் போற வேலைக்கு ஆபீஸ்தான் பதில் சொல்லணும். ஒரு மழைக்கு அது தாங்காது.

"செல்போன் இருக்கறப்போ இது எதுக்கு?" என்பார்கள். மழைக்காலத்துல ரெண்டு நாள் கரண்ட் இல்லைன்னா செல்லுல சார்ஜ் இருக்காது. ஃபைபருக்கு மாறினாலும் அந்தப் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் வேணும், இன்வெர்ட்டர் இல்லைன்னா அதுவும் ஊமை. தோட்டத்து வீட்டுல தனியா இருக்கற வயசானவங்களுக்கு, ராத்திரி பாம்பு கடிச்சா 108ஐக் கூப்பிட இந்தச் செம்புக் கம்பிதான் துணை.

புகார் கொடுத்தும் மாசக்கணக்கா யாரும் வரலைன்னா தாராளமா திருப்பிக் கொடுங்க, டெபாசிட்டையும் கேட்டு வாங்குங்க. அதுவரைக்கும் அவசரப்படாதீங்க. ஒரு கம்பத்துல பத்து லைன் இருந்தா பழுது பார்க்க ஆள் வருவாங்க. ஒண்ணே ஒண்ணு மிஞ்சினா, அந்த ஒரு வீட்டுக்காக யார் கம்பம் ஏறுவாங்க?