கோயில் தார்

எங்க ஊர்க் கோயில்ல அறுப்பின் பண்டிகை நெருங்குது. போன வாரம் கமிட்டியில் ஒரு பேச்சு வந்தது. தேங்காய், காய்கறி, கோழி என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து, ஆராதனை முடிந்து ஏலம் விட்டு முடிக்க மத்தியானம் ஆகிவிடுகிறது. வீட்டுக்கு ஒரு கவர் கொடுத்துப் பணமாக வாங்கினால் அரை மணி நேரத்தில் முடியுமே என்றார்கள். பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று அங்கே ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பட்டணத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பண்டிகை வெள்ளைக்கார மிஷனரிகள் வழியாக எங்களுக்கு வந்தது. இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் 1843ல் ஹாக்கர் என்ற குருவானவர் இப்போதைய முறையில் இதைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். ஆனால் முதல் விளைச்சலைக் கூடையில் வைத்துக் கடவுள் முன்னால் கொண்டுபோவது அதற்கு வெகுகாலம் முந்தியது. உபாகமம் 26ம் அதிகாரத்தில் இருக்கிறது. புது அரிசியில் பொங்கல் வைக்கிற எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

எங்க அப்பா வாழை விவசாயி. தோட்டத்தில் பூ தள்ளும்போதே சுற்றி வந்து, திடமான மரமாக ஒன்றைப் பார்த்துப் பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டிவிடுவார். அதுதான் கோயில் தார். அதற்கு முதலில் முட்டுக் கொடுப்பார். காற்றடித்த ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போனால் முதலில் அதைத்தான் பார்ப்பார். வியாபாரி வந்து மொத்தத் தோட்டத்துக்கும் விலை பேசினாலும், அந்தத் துணி கட்டினது கணக்கில் வராது. பூ தள்ளி வெட்டுகிற வரைக்கும் மூணு மாசம். அந்த மூணு மாசமும் அவர் தினமும் ஒரு தடவை கோயிலை நினைத்திருப்பார்.

தோட்டம் என் கைக்கு வந்தபின் ஒரு வருஷம் கையில் காசில்லை. வியாபாரி நல்ல விலை சொன்னான். துணி கட்டின தாரையும் சேர்த்து விற்றுவிட்டேன். பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம், காற்றில் ஒடிந்து பாதி முற்றாத தார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏலத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பெஞ்சில் இருந்து அப்பாவே கை தூக்கிக் கேட்டு எடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டுக்கு வெட்டிப் போட்டார். ராத்திரி சாப்பிடும்போது, "வித்தது தப்பில்ல லே. வித்த அன்னைக்கே வேற ஒண்ணுல துணியக் கட்டியிருக்கலாம்லா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

கடவுள் மனசைத்தானே பார்க்கிறார், வாழைக்காயையா பார்க்கிறார் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் எனக்கே சமாதானம் சொன்னேன். ஆனால் மல்கியா முதல் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். குருட்டு ஆட்டையும் நொண்டி ஆட்டையும் பலிக்குக் கொண்டுவந்தவர்களிடம், இதை உங்கள் அதிபதிக்குக் கொடுப்பீர்களா என்ற கேள்விதான் வருகிறது. கலெக்டர் வீட்டுக்கு வந்தால் அந்த ஒடிந்த தாரை நீட்டியிருப்பேனா?

தார் மட்டுமில்லை. பாடம் வாசிக்கிறவர் முந்தின ராத்திரி ஒரு தடவை வாசித்துப் பார்க்காமல் வந்து, பெயர்களில் தட்டுத் தடுமாறுகிறார். அதே கோயிலில்தான் எங்க கோயில்குட்டியார் விடியுமுன்னே வந்து பெஞ்சு துடைத்து, சரியான நேரத்துக்கு முதல் மணி அடிக்கிறார். கைப்பிடி அரிசி போடுகிற பெண்கள், உலை வைக்கிறபோதெல்லாம் ஒரு பிடி தனியாக எடுத்துவைக்கிறார்கள். அவர்கள் யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை. ஆனால் அவர்களுடைய ஆராதனை ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்குவதில்லை.

ஏலத்தில் குறை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு எலுமிச்சம்பழத்தை ஆயிரம் ரூபாய்க்குக் கேட்டுப் பெருமை காட்டுகிறவர்கள் உண்டு. நாலு முட்டை கொண்டுவந்த கிழவி அப்போது கூசிப்போகிறாள். அதைத் திருத்துவோம். நிலம் இல்லாதவர்களுக்கும், சென்னையில் இருந்து பணம் அனுப்புகிறவர்களுக்கும் கவர் இருக்கட்டும். ஆனால் அதையும் ஒரு மாசம் முந்தியே வீட்டில் கொடுத்துவிடுங்கள். சம்பளம் வந்த அன்றைக்கே எடுத்துவைக்கட்டும். தட்டு வரும்போது பாக்கெட்டைத் தடவினால், அது நான் கொண்டுபோன ஒடிந்த தார் மாதிரிதான்.

அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டப்போகிறேன். தோற்றாலும் பரவாயில்லை. இந்த வருஷத்துத் தாருக்குத் துணி கட்டி ரெண்டு மாசம் ஆச்சு.