ஓலைக்கு மை, உடலுக்கு உறழ்வு

சென்ற கோடையில் பெரக்கரை நாட்டுப் பெரியவர் ஒருவர் எம் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளையும் இறங்கிச் சென்று, கீழே நகரத்து மருத்துவமனை ஒன்றில் வயிற்றைச் சி.டி. படம் எடுத்து மீண்டிருந்தார். கையில் ஆங்கில அறிக்கை, முகத்தில் அச்சம். "ஐயா, எனக்குக் கான்ட்ராசுட்டு குடுத்திருக்குதாம். அது பொல்லாத நோயுங்களா?" என்றார்.

அது நோயன்று, உள்ளுறுப்புகள் படத்தில் தெளிவுற விழுதற்பொருட்டு நரம்பின்வழி ஏற்றிய அயோடின் கலந்த நீர்மம். சிலருக்கு அஃது ஒவ்வாது. சிறுநீரகம் நலிந்தார்க்கு எண்ணிப் பார்த்தே ஏற்றல் வேண்டும். அதன்பொருட்டே முன்னதாக வினவி ஒப்பம் வாங்குகின்றனர். வினவிய சொல்லே விளங்காதவர் என்ன விடை சொல்வார்? பெரியவர் ஆங்கிலப் படிவத்தில் கைந்நாட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறார்!

இதனை விளக்க எமக்கு ஆங்கிலம் வேண்டியிருக்கவில்லை. வீட்டிலிருந்த ஓலைச்சுவடியே போதியதாயிற்று. எழுத்தாணியாற் கீறிய ஓலையில் எழுத்து உண்டு. ஆயினும் கண்ணுக்குப் புலப்படாது. ஓலையும் கீறலும் ஒரே நிறம். கரியோடு மஞ்சளும் இலைச்சாறும் கூட்டித் தடவித் துடைத்தால், கீறலுள் கரி தங்கி எழுத்துப் பளிச்சென நிற்கும். இதனை மையாடல் என்றனர் முன்னோர். மை புதிதாக ஓரெழுத்தும் எழுதுவதில்லை. இருப்பதைச் சூழலினின்று வேறுபடுத்திக் காட்டுகிறது, அவ்வளவே. அவ்வேறுபாட்டை 'உறழ்வு' எனலாம். உறழ்தலாவது மாறுபடுதல்.

பெரியவர் உடலில் ஏற்றிய அயோடினும் ஒரு மையே. எலும்பு ஊடுகதிரை மிகத் தடுக்கும். ஈரலும் அதனூடு செல்லும் குருதிக்குழாயும் ஏறத்தாழ ஒரே அளவிற் தடுப்பதால் படத்தில் ஒன்றிக் கிடக்கும். அயோடின் பாய்ந்த இடமோ வெளுத்துத் தனித்துத் தோன்றும்.

மையின்றி, எண்ணாலும் உறழ்வை மிகுக்கலாம். அவுன்சுபீல்டு ஆக்கிய சி.டி. கருவி 1971-இல் இலண்டனில் முதல் நோயாளியைப் படமெடுத்தது. அது கதிர் தடைப்படும் அளவை இடந்தோறும் எண்ணாகத் தருகிறது. நீருக்குச் சுழி, காற்றுக்குக் குறை 1000. இவ்வாறு 4000-க்கு மேற்பட்ட படிகள். அத்தனையையும் ஒருசேரக் காட்டினால் நம் கண் பிரித்தறியாது. ஆகலின் மருத்துவர் வேண்டிய எண்களை மட்டும் தெரிந்துகொண்டு, கருமை முதல் வெண்மை வரை அவற்றுக்கே பகிர்கின்றார். இதனைப் பலகணி திறத்தல் என்க. ஈரலுக்கு ஒரு பலகணி; நுரையீரலுக்கு மற்றொன்று.

ஒரே சாயலில் குவிந்த புள்ளிகளைப் பரப்பி நிரவுதல் மற்றொரு முறை. படத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்துத் தனித்தனியே நிரவுவதும் உண்டு. அங்கு மிகுத்தலுக்கு ஓர் எல்லை கட்டுவர். ஏன்? கரியை அளவின்றி அப்பினால் ஓலையின் நாரும் எழுத்தெனத் தோன்றுமன்றோ? அவ்வாறே, உறழ்வை அளவின்றி மிகுத்தால் கருவியின் பிழைப்புள்ளியும் நோயெனத் தோன்றும்.

ஊடுகதிரை நம் முன்னோரே கண்டனர் என வெறும்பெருமை பேசுவோமல்லோம். 1895-இல் கண்டவர் செருமானியராகிய இராண்ட்கன். கண்டவர்க்குரிய புகழ் கண்டவர்க்கே. யாம் சொல்வது வேறு: அதனை விளங்கச் சொல்லும் ஆற்றல் தமிழுக்கு உண்டு. கேட்டு முடித்த பெரியவர், "ஓலைக்கு மை பூசின மாதிரிங்களா? இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே!" என்றார். அரைமணி நேரத்தில் அச்சம் நீங்கிற்று.

மருத்துவர் தமக்குள் வழங்க ஆங்கில அறிக்கை இருப்பின் இருக்கட்டும். நோயாளி ஒப்பமிடும் படிவமும், அவர் அறியவேண்டிய முடிவும் தமிழில் இருத்தல் வேண்டும். சொல் இல்லை என்பார்க்குச் சொல் தருவோம். தந்தபின்னும் தயங்குவாரிடம் தமிழ்ப்படிவம் கேட்டு வாங்கியே ஒப்பமிடுவோம். நோயைத் தெளிவாகக் காட்டிவிட்டு நோயாளியை இருளில் வைப்பது மருத்துவம் ஆகாது.