வடக்கே தள்ளு!

"வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது!" என்று மேடைதோறும் முழங்கி வளர்ந்த இயக்கத்தவர் நாம். டில்லி காட்டிய ஓரவஞ்சனையை ஊருக்கு உணர்த்த அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. அதே வரியைத் தலைகீழாக நிறுத்திப் படிக்கவேண்டிய ஊர் ஒன்று இருக்கிறது, தோழர்களே! அது நம் தலைநகரம். சென்னைப் பட்டணத்தில் தெற்கு வாழ்கிறது, வடக்கு தேய்கிறது!

அடையாற்றில் காலை நடைக்கு நிழற்சாலை. எண்ணூரில் காலைக் கண்விழித்தால் கரி. அங்கே கடற்கரை காற்று வாங்க. இங்கே கடற்கரை கழிவு வாங்க! மின்சாரம் அங்கே எரிகிறது, அதன் சாம்பல் இங்கே விழுகிறது. பெட்ரோல் அங்கே ஓடுகிறது, அதன் கசடு இங்கே மிதக்கிறது. இது தற்செயலாக நடந்ததா? ஒன்றை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

ராயபுரத்துத் தோழர்களுக்கு நினைவிருக்கும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் மலைமலையாய்க் குவிந்த காலம். வெளுத்துக் காயப்போட்ட வேட்டி மாலையில் எடுக்கும்போது துக்கத்துணியாக மாறியிருக்கும். சோற்றுத்தட்டை மூடிவைக்காவிட்டால் சோற்றோடு தூசியையும் சேர்த்துத்தான் பிசையவேண்டும். வழக்கு நடந்தது. 2011-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அவ்வாண்டு அக்டோபர் முதல் அந்தத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளப்படுவது நின்றது. நல்ல தீர்ப்புத்தான். ராயபுரத்து நெஞ்சுகள் கொஞ்சம் மூச்சுவிட்டன. வாழ்த்துவோம்.

ஆனால் அந்த நிலக்கரி எங்கே போயிற்று? காற்றிலே கரைந்து போயிற்றா? கடலிலே கொட்டிவிட்டார்களா? இல்லை ஐயா, இல்லை! சில கல் தொலைவு வடக்கே போயிற்று. 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம், இன்று காமராசர் பெயர் தாங்கியிருக்கும் துறைமுகம், அதை ஏற்றுக்கொண்டது. நீதிமன்றத்திலிருந்து கூப்பிடு தொலைவில் பறந்தால் அதற்குப் பெயர் மாசு. எண்ணூருக்குப் போய்விட்டால் அதற்குப் பெயர் வளர்ச்சி! இந்த நகரத்துக்குத் தெரிந்த மருத்துவம் இது ஒன்றுதான்: வடக்கே தள்ளு!

"மூடிய பாதையில் அல்லவா கரி போகிறது, தூசி எங்கே?" என்று கேட்கும் அறிவாளிகள் உண்டு. சரி, அப்படியே போகட்டும். போன கரி அடுப்பில் எரிகிறதே, எரிந்தபின் சாம்பல் எங்கே போகும்? நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு சாம்பல். மூன்று வண்டி கரி உள்ளே போனால் ஒரு வண்டிச் சாம்பல் வெளியே வந்தாக வேண்டும். 1970-இல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. ஆனால் வட சென்னை நிலையம் இருக்கிறது: முதலில் 630 மெகாவாட், பிறகு 1200, அதன்பின் 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட 800. பக்கத்திலே வல்லூரில் மத்திய சர்க்கார் நிறுவனமும் மாநில மின்வாரியமும் கூட்டாக நடத்தும் நிலையம் 1500. நாடு முழுவதிலும் விளக்கெரிய வேண்டும், மறுக்கவில்லை. விளக்கின் கீழே இருட்டு யாருக்கு என்பதுதான் கேள்வி.

சாம்பலை நீரில் கரைத்துக் குழம்பாக்கிக் குழாய் வழியே குளங்களுக்கு அனுப்புகிறார்கள். குழாய் கொற்றலை ஆற்றைத் தாண்டிப் போகிறது. (கொற்றலை என்ற நல்ல தமிழ்ப்பெயரைக் கொசஸ்தலை என்று கடித்துக் குதறியது தனிக்கதை.) துருப்பிடித்த குழாய், ஒட்டுப்போட்ட குழாய், ஒட்டுப்போட்ட இடத்திலேயே மறுபடி வெடித்த குழாய்! குழம்பு ஆற்றில் கொட்டியது. ஒரு நாளா, இரண்டு நாளா? ஆண்டுக்கணக்கில் கொட்டியது. சாம்பல் அடியிலே படிந்து, படகு மிதந்த இடத்தில் இன்று ஆள் நடக்கலாம் என்றாகிவிட்டது. இறாலும் நண்டும் சேற்றிலே வாழும் உயிர்கள். சேறே சாம்பலானால் அவை எங்கே போகும்? கையால் தடவி இறால் பிடித்த பெண்களின் கூடை எப்படி நிறையும்? காட்டுக்குப்பத்தையும் முகத்துவாரக்குப்பத்தையும் கேளுங்கள், சொல்லுவார்கள். சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கத்தைக் கேளுங்கள். கோடைக்காற்று வீசும்போது வீட்டுக்குள் என்ன விழுகிறது என்று சொல்லுவார்கள்.

ஆற்றையே வரைபடத்திலிருந்து அழித்த வித்தையும் இங்கே நடந்தது. 1996-இல் மத்திய சர்க்கார் ஒப்புதல் தந்த கடற்கரை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் காக்கப்படவேண்டிய நீர்நிலையாகத் தெளிவாக இருக்கிறது. மாநில அதிகாரிகள் கையாண்ட இன்னொரு படத்தில் அது இல்லை! 2017-இல் மீனவர்களும் ஆர்வலர்களும் தகவல் கேட்டுக் கேட்டு இதை வெளியே இழுத்தார்கள். கிணற்றைக் காணோம் என்று புகார் கொடுத்த கதையைக் கேட்டுச் சிரித்தவர்கள் நாம். ஆற்றைக் காணோம் என்று புகார் கொடுத்தவர்களைக் கண்டு சிரிக்க முடியவில்லை. அந்தக் கழிமுகம்தானே வட சென்னையின் வெள்ளம் கடலுக்குப் போகும் வாய்? வாயை அடைத்தால் வயிறு வீங்கும். மணலியில் தண்ணீர் ஏன் வடியவில்லை என்று மழைக்காலத்தில் மந்திரிகளைக் கேட்கிறோம். கழிமுகத்தைக் கேட்டால் விடை கிடைக்கும்.

இனி எண்ணெய்க்கு வருவோம். 2017 ஜனவரி 28-ஆம் நாள் விடியுமுன் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. கரையிலே கறுப்புக் களியாக வந்து ஒதுங்கியது அந்தக் "கேடில்லை"! எர்ணாவூரில் வாளிவாளியாக அள்ளினார்கள். செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய நாட்டில் எண்ணெய் அள்ளும் எந்திரம் பிளாஸ்டிக் வாளி!

வாளிக்கு மறுபடி வேலை வந்தது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மணலியில் சென்னைப் பெட்ரோலியம் ஆலையின் பக்கமிருந்து எண்ணெய், வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய்க்குள் இறங்கி, கொற்றலைக்குள் பாய்ந்து, எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் பரவியது. குழாயில் கசிவே இல்லை என்பதுதான் நிறுவனத்தின் தொடக்க விளக்கம். படகு கறுத்தது, வலை கறுத்தது, கூழைக்கடாவின் வெள்ளைச் சிறகும் கறுத்தது. விளக்கம் மட்டும் வெள்ளையாகவே இருந்தது! முதல் நாட்களில் வெறுங்கையோடு எண்ணெயை அள்ளியவர்கள் யார்? அதே மீனவர்கள். சர்க்கார் நிவாரணம் தந்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலைக்கு 12,500 ரூபாய், 787 படகுகளுக்கு 10,000 வீதம், மற்ற 6,700 குடும்பங்களுக்கு 7,500. தந்ததை மறைக்கமாட்டோம். ஆனால் ஒரு வலையின் விலை என்ன, மீன் திரும்பிவர எத்தனை மாதம் என்று காசிமேட்டில் எந்தத் தோழரைக் கேட்டாலும் கணக்குச் சொல்வாரே!

அந்த எண்ணெய் காயுமுன்னே, அதே டிசம்பர் 26 நள்ளிரவு. கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. கப்பல் வருமுன் குழாயைக் குளிரூட்டிக்கொண்டிருந்த நேரம். பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிந்து, நெஞ்சடைத்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டிலே ஓடினார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில். போபாலில் 1984 டிசம்பரில் நஞ்சுக்காற்று வந்ததும் நள்ளிரவில்தான். எண்ணூரில் உயிர்கள் தப்பின. ஆலை மூடப்பட்டது, பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்தது, 5.92 கோடி ரூபாய் இழப்பீடு விதிக்கப்பட்டது. நிபந்தனைகளோடு 2024-இல் ஆலை மறுபடி ஓடத் தொடங்கியது. நான் கேட்பது ஒன்றே. இன்றிரவு மறுபடி கசிந்தால், எந்தச் சங்கொலிக்கு என்ன பொருள், காற்று எந்தப் பக்கம் வீசினால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

இதைச் சொன்னால் உடனே ஒரு குரல் எழும். வெளியிலிருந்து அல்ல, நம் பந்தலுக்குள்ளிருந்தே எழும். "என்ன தோழரே, ஆலையை மூடச் சொல்கிறீரா? வேலைக்கு எங்கே போவது? புகையைப் பார்த்தால் அடுப்பெரியுமா?"

நியாயமான கேள்வி. மழுப்பாமல் விடை சொல்வோம். ஆலை வேண்டும். மின்சாரம் வேண்டும். உரம் வேண்டும். ஆனால் வேலையைக் காட்டி மூச்சைப் பறிக்கும் பேரத்தை முதலில் பேசியவன் தொழிலாளி அல்லன். குழாய் கசிந்தால் முதல் மூச்சில் நஞ்சை இழுப்பவன் யார்? திறப்பைத் திருகப்போகும் தொழிலாளிதான், குப்பத்துக்காரன் இரண்டாவது. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர் மாண்டனர். பெரும்பாலோர் அசாமிலிருந்து வயிற்றுக்காக வந்தவர்கள். ஆளின் உயிருக்கு மதிப்புப் போடாத வேலைத்தளம் ஆற்றின் உயிருக்கா மதிப்புப் போடும்? உள்ளே பாதுகாப்பில் மிச்சம் பிடிக்கும் காசும் வெளியே குழாயை மாற்றாமல் மிச்சம் பிடிக்கும் காசும் ஒரே பெட்டியில்தான் விழுகின்றன.

இதை மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட ஒரு தொழிற்சங்கத்தின் வரலாறு ஜப்பானில் இருக்கிறது. மினமாட்டா என்ற கடலோர ஊர். சிஸ்ஸோ என்ற இரசாயன ஆலை. பாதரசக் கழிவு கடலிலே கலந்தது, மீனிலே ஏறியது, மீன் தின்ற மனிதரின் மூளையிலே ஏறியது. பூனைகள் வெறிபிடித்து ஆடிச் செத்தன. பிள்ளைகள் கைகால் முறுக்கிக்கொண்டு பிறந்தன. அந்த நோய் அரசின் ஏட்டில் முதன்முதல் பதிவான நாள் 1956 மே 1! தொழிலாளர் திருநாளில்! 1959-இல் மீனவர்கள் கொதித்தெழுந்து ஆலைக்குள் புகுந்தார்கள். அப்போது தொழிற்சங்கம் எந்தப் பக்கம் நின்றது தெரியுமா? நகரத் தலைவரோடும் வணிகரோடும் சேர்ந்து, "கழிவுநீரை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் ஊர் பிழைக்காது" என்று ஆளுநரிடம் மனுக் கொடுத்தவர்களின் வரிசையில் நின்றது. மூன்றாண்டு போயிற்று. 1962-இல் கூலித் தகராறு வந்தது. எந்த முதலாளிக்காகப் பரிந்து பேசினார்களோ அதே முதலாளி சங்கத்தைப் பிளந்தான், போட்டிச் சங்கம் முளைத்தது, அடி விழுந்தது. அடிபட்ட பிறகுதான் அந்தத் தோழர்களுக்குப் பக்கத்துக் குப்பத்தின் அலறல் காதில் விழுந்தது. 1968-இல் அந்தச் சங்கம் கூடி, நோயாளிகளுக்காக இதுவரை எதுவும் செய்யாதிருந்ததற்கு வெட்கப்படுகிறோம் என்று தீர்மானமே நிறைவேற்றியது. பன்னிரண்டு ஆண்டு காலம் கடந்த வெட்கம்! அதற்குள் எத்தனை பிணம்!

நமக்கு அந்தத் தாமதம் ஏன் வேண்டும்? 1923-இல் இந்தச் சென்னைக் கடற்கரையில் இந்த நாட்டின் முதல் மே நாளைக் கொண்டாடிய சிங்காரவேலர் யார்? மீனவக் குடியில் பிறந்தவர். ஆலைத் தொழிலாளிக்குத் தலைவரானவர். தன்மான இயக்கத்துக்கு அறிவியல் சொன்னவர். குப்பமும் ஆலைவாசலும் ஒரே மனிதரில் கூடி நின்ற ஊர் இது. இங்கே மீனவனை ஒருபுறமும் தொழிலாளியை மறுபுறமும் நிறுத்தி மோதவிட்டு வேடிக்கை பார்க்க ஒருவன் வந்தால், அவன் எந்தக் கட்சிக் கரை வேட்டி கட்டியிருந்தாலும் நாம் அடையாளம் கண்டுகொள்ள வேண்டாமா?

எர்ணாவூரில் 2024 டிசம்பர் 20 அன்று மூடிய பழைய நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட்டில் புது நிலையம் எழுப்புவது பற்றிக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. மக்கள் பலர் எழுந்து எதிர்ப்பைச் சொன்னார்கள். அந்தப் பந்தலில் நம் தொழிற்சங்கத் தோழர்கள் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள், எழுந்து என்ன பேசினார்கள் என்பதை அவரவர் கிளைக்கூட்டத்தில் அவரவரே கேட்டுக்கொள்ளட்டும். நாடெங்கும் மின்சாரம் கேட்கிறது. சென்னைக்கு வடக்கே மட்டும்தான் இடம் இருக்கிறதா என்று கேட்க உரிமை உண்டு. நாம் ஆளும்போதும் உண்டு, ஆளாதபோதும் உண்டு.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அனல்மின் புகையிலுள்ள கந்தக வாயுவைக் கழுவி எடுக்கும் கருவி பூட்டவேண்டும் என்று மத்திய சர்க்கார் விதி போட்டது 2015 டிசம்பரில். கெடு இரண்டே ஆண்டு. அந்தக் கெடு ரப்பராக நீண்டது, நீண்டது, நீண்டுகொண்டே போனது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்கும் கொடுத்துவிட்டார்கள்! பத்து இலட்சம் மக்களுக்கு மேல் வாழும் நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு விலக்கில்லை. 2027 டிசம்பருக்குள் பூட்டியாக வேண்டும். எண்ணூர் சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அத்திப்பட்டும் வல்லூரும் அதற்கு அடுத்த வீடு. அப்படியானால் அங்கே கருவிக்கு ஆணை கொடுத்தாயிற்றா, அடித்தளம் போட்டாயிற்றா, எந்த மாதம் ஓடும்? அனல்மின் நிலையத் தோழர்கள் அடுத்த வாயிற்கூட்டத்தில் ஊதியக் கோரிக்கையோடு இந்தக் கேள்வியையும் சேர்த்து எழுத்துமூலம் கொடுக்கட்டும். சாம்பல் குழாய் எந்த ஆண்டு மாற்றப்பட்டது என்பதையும் கேட்கட்டும். உர ஆலைத் தோழர்கள் அபாயச் சங்கை மாதம் ஒருமுறை ஊதிக்காட்டச் சொல்லட்டும். ஆலைக்குள் மட்டும் போதாது, குப்பத்துப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி ஊதச் சொல்லட்டும். கிடைத்த பதிலை நம் ஏட்டுக்கு அனுப்புங்கள். பதில் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதை அனுப்புங்கள். தேதி போட்டு அச்சிடுவோம்.